பிழைச் செய்தியைப் படிக்கப் பழகுவோம்!

(இரண்டாமாண்டு பி.எஸ்ஸி., கணினி அறிவியல் மாணவி)

ஒரு கேள்வியோடு தொடங்குகிறேன். ஆய்வுக்கூடத்தில் நாம் எழுதிய புரோகிராம் ஓடாமல், திரையில் நான்கைந்து வரிப் பிழைச் செய்தி வந்து நின்றால், நம்மில் எத்தனை பேர் அந்த வரிகளை முழுவதும் படிக்கிறோம்?

நான் படித்ததில்லை. திரையில் ஆங்கிலம் கொட்டியவுடன் என் கை தானாகவே அதைத் துடைத்துவிடும். கண், பக்கத்தில் அமர்ந்திருக்கும் தோழியின் திரைக்குப் போகும். அவளுக்கு ஓடியிருந்தால் அவளுடையதைப் பார்த்துத் திருத்திக்கொள்வேன். அவளுக்கும் ஓடாவிட்டால் இருவருமாக ஆசிரியர் வரும்வரை கையைக் கட்டிக்கொண்டு காத்திருப்போம். முதலாண்டு முழுவதும் இப்படியே கழிந்தது. அதற்கான விலையை இரண்டாம் பருவச் செய்முறைத் தேர்வில் நான் கொடுத்தேன். என் தோழி என்னைவிட அதிகமாகக் கொடுத்தாள்.

பிழைச் செய்தியைப் படிப்பதும் ஒரு பாடம். புரோகிராம் எழுதக் கற்றுத் தருவதுபோல் அதையும் கற்றுத் தர வேண்டும். அதற்கு மதிப்பெண்ணும் தர வேண்டும் என்பது என் கருத்து. மாணவ நண்பர்களும் ஆசிரியப் பெருமக்களும் இதைப் பொறுமையோடு படித்து, சரியா தவறா என்று சொல்ல வேண்டுகிறேன்.

தேர்வு நாளில் நடந்தது

எனக்கு வந்த வினா, இருபடிச் சமன்பாட்டின் மூலங்களைக் கண்டுபிடிக்கும் புரோகிராம். என் தோழிக்கு வந்தது கூட்டு வட்டி. இரண்டும் நாங்கள் பலமுறை எழுதிப் பார்த்தவைதாம். மனப்பாடம் என்றே சொல்லலாம். கால் மணி நேரத்தில் எழுதி முடித்துத் தட்டச்சும் செய்துவிட்டேன். கம்பைல் செய்யச் சொன்னேன். திரையில் சில வரிகள் வந்தன. வழக்கம்போல் கடைசி வரியை மட்டும் பார்த்தேன். 'கலெக்ட்2: எரர்: எல்டி ரிட்டர்ண்ட் 1 எக்சிட் ஸ்டேட்டஸ்' என்று இருந்தது.

'எல்டி' என்றால் என்ன என்று எனக்குத் தெரியாது. ஆனால் '1' என்று இருந்ததே! முதல் வரியில்தான் தவறு என்று முடிவு கட்டினேன். முதல் வரியை அழித்துவிட்டு மறுபடி எழுதினேன். அதே செய்தி. 'மேத்.எச்' என்ற ஹெடர் கோப்பின் பெயரை மூன்று முறை அழித்து எழுதினேன். அதே செய்தி. அரைப்புள்ளிகளை எண்ணினேன், அடைப்புக்குறிகளை எண்ணினேன். எல்லாம் சரியாக இருந்தன. நாற்பது நிமிடம் போயிற்று. பக்கத்து மேசையில் என் தோழியும் இதேபோல் அழித்து அழித்து எழுதிக்கொண்டிருந்தாள். தேர்வு ஆகையால் ஒருவர் திரையை ஒருவர் பார்க்கவும் முடியாது. மணி அடித்தது. விடை வராத திரையைக் காட்டிவிட்டு எழுந்து வந்தோம்.

மறுநாள் எங்கள் ஆசிரியர் ஒருவரிடம் சொன்னேன். அவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "ஏம்மா, கட்டளையின் கடைசியில் '-எல்எம்' போட்டாயா?"

போடவில்லை. போட வேண்டும் என்றே தெரியாது. நான்கு எழுத்துக்கூட இல்லாத அந்தச் சொல்தான் எங்கள் இருவரின் நாற்பது நிமிடத்தையும் தின்றது. கடைசி வரிக்கு மேலே இருந்த வரி அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தது: 'அன்டிபைன்ட் ரெபரன்ஸ் டு எஸ்கியூஆர்டி'. அதாவது, 'எஸ்கியூஆர்டி என்ற பெயரைக் கூப்பிட்டிருக்கிறாய். அது எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை' என்று கம்ப்யூட்டர் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. தோழியின் திரையில் அதே வரி 'பவ்' என்ற பெயரோடு இருந்திருக்கிறது. நாங்கள் இருவரும் அந்த வரியைப் படிக்கவில்லை.

இதில் வெட்கப்பட வேண்டிய செய்தி ஒன்று உண்டு. அதற்கு இரண்டு வாரங்களுக்கு முன்புதான் அகத்தேர்வில் 'லிங்கர் என்றால் என்ன?' என்ற வினாவுக்கு விடை எழுதி இரண்டுக்கு இரண்டு மதிப்பெண் வாங்கியிருந்தேன்!

லிங்கர் என்ன செய்கிறது?

நாங்கள் நெசவுக் குடும்பம். எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். லிங்கர் என்றால் என்ன என்று எனக்கு உண்மையாகவே விளங்கியது, வீட்டுத் தறியைப் பார்த்தபோதுதான். ஆகவே அதை வைத்தே சொல்கிறேன்.

தறியில் ஒரு பாவு முடிந்துவிட்டால் புதிய பாவை முதலிலிருந்து கோக்க மாட்டார்கள். பழைய பாவின் நுனி விழுதிலும் அச்சிலும் கோத்தபடியே இருக்கும். அந்த நுனியோடு புதிய பாவின் இழைகளை ஒவ்வொன்றாகப் பிணைப்பார்கள். என் அம்மா விரல் நுனியில் சாம்பலைத் தொட்டுக்கொண்டு, பழைய இழை ஒன்று, புதிய இழை ஒன்று என எடுத்து முறுக்கி விடுவார். ஒரு சேலைப் பாவில் ஆயிரக்கணக்கான இழைகள். பழைய இழை ஒவ்வொன்றுக்கும் புதிய இழை ஒன்று இருந்தாக வேண்டும். ஒரு இழைக்கு ஜோடி கிடைக்காவிட்டால் அம்மா அங்கேயே நிறுத்திவிடுவார். "இதுக்கு ஆள் எங்கே?" என்று தேடுவார். தேடாமல் விட்டால் அந்த இடத்தில் சேலை முழு நீளத்துக்கும் கோடு விழும்.

லிங்கர் செய்வதும் இதே வேலைதான். சி மொழியில் நாம் எழுதும் புரோகிராம் ஓடும் நிலைக்கு வருவதற்குள் இரண்டு பேர் கையில் மாறுகிறது. முதலாமவர் கம்பைலர். அவர் நம் எழுத்தில் இலக்கணப் பிழை இருக்கிறதா என்று பார்த்து, இயந்திர மொழிக்கு மாற்றி, ஆப்ஜெக்ட் கோப்பு ஒன்றைத் தருகிறார். அதில் நாம் எழுதாத 'எஸ்கியூஆர்டி', 'பிரிண்ட்எப்' போன்றவற்றுக்கு வெறும் பெயர் மட்டும் இருக்கும். அதாவது, ஜோடி சேராத இழைகள். இரண்டாமவர்தான் லிங்கர். லினக்சில் அவர் பெயர் 'எல்டி'. ஜோடி சேராத ஒவ்வொரு பெயருக்கும் உரிய இயந்திர மொழிப் பகுதியை மற்ற ஆப்ஜெக்ட் கோப்புகளிலும் நூலகங்களிலும் தேடிப் பிணைத்து, ஓடக்கூடிய ஒரே கோப்பாக அவர் ஆக்கித் தருகிறார். ஒரு பெயருக்காவது ஆள் கிடைக்காவிட்டால் அம்மாவைப் போலவே நிறுத்திவிடுகிறார்.

இங்கேதான் நாங்கள் செய்த தவறு விளங்கும். ஹெடர் கோப்பைச் சேர்த்துவிட்டால் அந்தப் பங்ஷனே வந்துவிடும் என்று நாங்கள் நம்பியிருந்தோம். அப்படி அன்று. 'மேத்.எச்' என்பது, எஸ்கியூஆர்டி என்று ஒன்று உண்டு, அதற்கு இன்ன வகை எண் கொடுக்க வேண்டும், இன்ன வகை எண் திரும்ப வரும் என்று கம்பைலருக்குச் சொல்லும் அறிவிப்பு மட்டுமே. திருமண அழைப்பிதழில் மண்டபத்தின் பெயர் இருப்பதால் மண்டபமே கைக்கு வந்துவிடாது அல்லவா? உண்மையான பகுதி கணித நூலகத்தில் இருக்கிறது. '-எல்' என்றால் நூலகத்தைச் சேர்; 'எம்' என்றால் அந்த நூலகத்தின் பெயர்.

கணித நூலகம் ஏன் தனியாக இருக்க வேண்டும்? யூனிக்சும் சி மொழியும் பெல் ஆய்வகத்தில் உருவான 1970-களின் தொடக்கத்தில் இயந்திரங்களின் நினைவகம் மிகச் சிறியது. தசம எண்களைக் கணக்கிடும் தனிச் சாதனம் எல்லா இயந்திரங்களிலும் இல்லை. வேண்டாதவருக்கு அந்தச் சுமை எதற்கு என்று தனியே வைத்தார்கள். பழக்கம் இன்னும் தொடர்கிறது. 2021-ஆம் ஆண்டு ஆகஸ்டில் வெளிவந்த ஜிலிப்சி 2.34-ஆம் பதிப்பில் திரெட் நூலகத்தைப் பொது நூலகத்தோடு சேர்த்துவிட்டார்கள். கணித நூலகம் தனியாகவே நிற்கிறது. டர்போ சி போன்ற பழைய மென்பொருளில் கணித நூலகத்தை அதுவே சேர்த்துக்கொள்ளும். அதில் பழகிவிட்டு லினக்சுக்கு வருகிறவர்கள் திகைப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

சரி, பயிற்சியின்போது லினக்சிலேயே '-எல்எம்' இல்லாமல் எனக்கு ஓடியதே, அது எப்படி? இந்தக் கேள்வி என்னைப் பல நாள் வாட்டியது. பிறகு தெரிந்தது. பயிற்சியில் நான் 25-இன் வர்க்கமூலம் என்று எண்ணைப் புரோகிராமிலேயே எழுதியிருந்தேன். விடை 5 என்பது மாறப்போவதில்லை ஆகையால் ஜிசிசி கம்பைலர் தானே கணக்கிட்டு 5 என்று எழுதிக்கொண்டது. எஸ்கியூஆர்டியைக் கூப்பிடவே இல்லை. லிங்கருக்கும் வேலை இல்லை. தேர்வில் எண்களை விசைப்பலகையிலிருந்து வாங்கச் சொன்னார்கள். அவை என்னவாக இருக்கும் என்று கம்பைலருக்குத் தெரியாது. அப்போதுதான் நூலகம் தேவைப்பட்டது. பயிற்சியில் ஓடியது என் அறிவினால் அன்று என்பது அன்றுதான் விளங்கிற்று.

மற்ற பிழைகள்

அதன் பிறகு லிங்கர் பிழைகளை நானே வேண்டுமென்று வரவழைத்துப் பார்க்கத் தொடங்கினேன். பார்த்தவற்றில், நம் ஆய்வுக்கூடத்தில் அடிக்கடி வருபவற்றை மட்டும் சொல்கிறேன்.

முதல் வகை, எழுத்துப் பிழை. 'மெயின்' என்பதை அவசரத்தில் எழுத்து மாற்றி எழுதினாலும், முதலெழுத்தைப் பெரிய எழுத்தாக எழுதினாலும் கம்பைலர் ஒன்றும் சொல்லாது. நீ உனக்கென்று ஒரு பங்ஷன் எழுதியிருக்கிறாய் போலும் என்று விட்டுவிடும். லிங்கர்தான் 'மெயின் எங்கே?' என்று கேட்கும். டர்போ சியில் இது 'அன்டிபைன்ட் சிம்பல் _மெயின்' என்று வரும். பெயருக்கு முன்னால் உள்ள அடிக்கோட்டைப் பார்த்து, 'நான் அடிக்கோடே போடவில்லையே' என்று குழம்ப வேண்டாம். அது கம்பைலர் சேர்த்துக்கொள்வது.

இரண்டாவது, வரிசைப் பிழை. '-எல்எம்' போட்டும் சிலருக்கு ஓடுவதில்லை. கட்டளையில் அதைப் புரோகிராம் கோப்பின் பெயருக்கு முன்னால் போட்டிருப்பார்கள். லிங்கர் இடமிருந்து வலமாகப் படித்துக்கொண்டு போகும். நூலகத்தைக் கடக்கும்போது யாருக்கும் எதுவும் தேவைப்படவில்லை என்றால், ஒன்றும் எடுக்காமல் நடந்துவிடும். பிறகு நம் கோப்பைப் படித்து எஸ்கியூஆர்டி வேண்டும் என்று தெரியும்போது நூலகம் பின்னால் போய்விட்டது. கடைத்தெருவைக் கடந்து வீட்டுக்கு வந்த பிறகு 'உப்பு வாங்கி வா' என்று சொன்னால் என்ன பயன்? ஆகவே கேட்பவர் முன்னால், கொடுப்பவர் பின்னால் என்று நினைவில் வைத்துக்கொண்டால் போதும்.

மூன்றாவது இதற்கு நேர் எதிரானது. ஒரு பெயருக்கு இரண்டு ஆள் இருப்பது. 'மல்டிபிள் டெபனிஷன்' என்று வரும். நானும் இன்னொரு தோழியும் சேர்ந்து மாணவர் மதிப்பெண் பட்டியல் ஒன்றை இரண்டு கோப்புகளாக எழுதினோம். 'டோட்டல்' என்ற மாறியைப் பொதுவாக ஒரு ஹெடர் கோப்பில் வைத்து இருவரும் அதைச் சேர்த்துக்கொண்டோம். பழைய இயந்திரத்தில் ஓடியது. புதிய இயந்திரத்தில் ஓடவில்லை. இயந்திரம் கெட்டுவிட்டது என்று முடிவு கட்டினோம். காரணம் வேறு. 2020-இல் வெளிவந்த ஜிசிசி 10-ஆம் பதிப்புக்கு முன்பு, மதிப்புக் கொடுக்காமல் இப்படி இரண்டு இடத்தில் அறிவித்த பொது மாறிகளை ஒன்றாகச் சேர்த்துக் கண்டுகொள்ளாமல் விடுவார்கள். அந்தப் பதிப்பிலிருந்து அந்தச் சலுகை வழக்கத்தில் இல்லை. ஹெடர் கோப்பில் 'எக்ஸ்டெர்ன்' என்று சேர்த்து, உண்மையான மாறியை ஒரே ஒரு கோப்பில் மட்டும் வைத்தோம். சரியாகிவிட்டது.

நான்காவது, சி++ பயிலும் மூன்றாமாண்டு அண்ணன்மார் அக்காமாருக்கு வருவது. சி++ மொழியில் ஒரே பெயரில் பல பங்ஷன்கள் இருக்கலாம். அவற்றைப் பிரித்தறிய, கம்பைலர் பெயரோடு அதற்குக் கொடுக்கும் எண் வகைகளையும் சேர்த்து எழுதிக்கொள்ளும். இரண்டு முழு எண்களைக் கூட்டும் 'ஆட்' என்ற பங்ஷன், ஜிசிசியில் '_இசட்3ஆட்ஐஐ' என்று ஆகிவிடும். சியில் எழுதிய பங்ஷனோ வெறும் 'ஆட்' என்றே இருக்கும். ஒருவரைப் பள்ளிப் பெயரிலும் வீட்டுப் பெயரிலும் தேடுவது போன்றது இது. அந்தப் பங்ஷன் சியில் எழுதப்பட்டது என்பதை 'எக்ஸ்டெர்ன் சி' என்று அறிவித்துவிட்டால் சரியாகிவிடும்.

ஐந்தாவது மிக எளியது. ஆனால் விண்டோஸ் இயந்திரத்தில் பலரை அழவைப்பது. 'பெர்மிஷன் டினைடு' என்று வரும். நம் பழைய ஓட்டம் இன்னொரு சன்னலில் இன்னும் மூடப்படாமல் இருக்கும். ஓடிக்கொண்டிருக்கும் கோப்பின்மேல் லிங்கரால் புதிதாக எழுத முடியாது. அந்தச் சன்னலை மூடிவிட்டால் தீர்ந்தது. இதற்காகப் புரோகிராம் முழுவதையும் அழித்துவிட்டு மறுபடி எழுதிய ஒருவரை நான் அறிவேன். அவர் பெயரைச் சொன்னால் கோபித்துக்கொள்வார்.

இத்தனைக்கும் பொதுவான வழி ஒன்றுதான். கடைசி வரியை விட்டுவிட்டு முதல் வரியிலிருந்து படிக்க வேண்டும். 'எல்டி' என்ற பெயர் வந்தால் நம் இலக்கணம் சரி, ஜோடிதான் சேரவில்லை என்று புரிந்துகொள்ள வேண்டும். பிறகு, ஆள் கிடைக்காத பெயர் எது, அது நான் எழுதியதா, நூலகத்துடையதா, என் எழுத்துப் பிழையா என்று மூன்று கேள்விகள். ஐயம் தீராவிட்டால் லினக்சில் 'என்எம்' என்ற கட்டளை இருக்கிறது. ஆப்ஜெக்ட் கோப்பின் பெயரைக் கொடுத்தால் அதிலுள்ள பெயர்களை வரிசையாகக் காட்டும். 'டி' என்ற எழுத்து இருந்தால் அந்தப் பங்ஷன் அந்தக் கோப்பிலேயே இருக்கிறது. 'யு' என்று இருந்தால் அது வேறெங்கிருந்தோ வர வேண்டும். முதன்முறை அதைச் செய்து பார்த்தபோது, எஸ்கியூஆர்டிக்கு முன்னால் 'யு' என்று ஒற்றை எழுத்து நின்றது. ஒரு பருவத் துயரம் அந்த ஓர் எழுத்தில் அடங்கியிருந்தது.

லிங்கர் கடைசிப் பாடம் அன்று

லிங்கர் எல்லாம் மேல்வகுப்புக்குரியது, முதலாண்டுக்கு எதற்கு என்று சிலர் கேட்கலாம். வரலாற்றைப் பார்த்தால் இதுதான் முதலில் வந்த வேலை. 1949-ஆம் ஆண்டு மே மாதம் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் எட்சாக் என்ற கம்ப்யூட்டர் தன் முதல் புரோகிராமை ஓட்டியது. ஒவ்வொருவரும் ஒவ்வொரு முறையும் எல்லாவற்றையும் புதிதாக எழுத வேண்டாம் என்று, அடிக்கடி தேவைப்படும் துணைப் புரோகிராம்களைத் துளையிட்ட காகித நாடாக்களில் சேர்த்து ஒரு நூலகமே வைத்தார்கள். வேண்டியதை எடுத்துத் தன் நாடாவில் படியெடுத்துக்கொள்ள வேண்டும். அது நினைவகத்தில் எந்த இடத்தில் வந்து அமர்ந்தாலும் முகவரிகள் பொருந்தும்படி செய்யும் தொடக்கக் கட்டளைகளை டேவிட் வீலர் எழுதினார்.

1952-இல் அமெரிக்காவில் கிரேஸ் ஹாப்பர் என்ற பெண்மணி யூனிவாக் கம்ப்யூட்டருக்காக ஏ-0 என்ற ஒன்றை உருவாக்கினார். எண்ணிட்டு வைத்த துணைப் புரோகிராம்களைக் காந்த நாடாவிலிருந்து எடுத்துத் தொகுத்து, ஒரே புரோகிராமாக அது ஆக்கும். அதை அவர் கம்பைலர் என்று அழைத்தார். கம்பைல் என்ற சொல்லுக்கே தொகுத்தல் என்பதுதானே பொருள்! இன்று நாம் கம்பைலர் என்று சொல்வதைவிட லிங்கர் என்று சொல்வதற்குத்தான் அது நெருக்கமானது. ஆக, பிறர் எழுதியதோடு நாம் எழுதியதைப் பிணைப்பது என்ற எண்ணம் சி மொழிக்கு இருபது ஆண்டு மூத்தது. அதை நாம் இரண்டு மதிப்பெண் வினாவாகச் சுருக்கிவிட்டோம்.

என் வேண்டுகோள்

கணினித் துறைக்கு நான் வைக்கும் வேண்டுகோள்கள் மூன்று. மூன்றுக்கும் பணச்செலவு இல்லை.

முதலாவது, ஒவ்வொரு பருவத்திலும் ஒரே ஒரு ஆய்வுக்கூட வகுப்பைப் பிழைக்கென்றே ஒதுக்க வேண்டும். ஆசிரியர், ஓடாத புரோகிராம்கள் ஐந்தாறு தர வேண்டும். ஓட வைப்பதே வேலை.

இரண்டாவது, நம் பதிவேட்டில் ஒவ்வொரு பயிற்சிக்கும் 'பிழையும் திருத்தமும்' என்று அரைப்பக்கம் வேண்டும். இப்போது நம் பதிவேடுகளைப் பார்த்தால் நாம் பிழையே செய்யாத மேதைகள் என்றுதான் தோன்றும்! எல்லாப் புரோகிராமும் முதல் முறையே ஓடியிருக்கிறது. உண்மையில் அது எவ்வளவு தூரம் பொய் என்பது எழுதிய நமக்கும் தெரியும், கையொப்பமிடும் ஆசிரியருக்கும் தெரியும்.

மூன்றாவது, அகமதிப்பீட்டில் சில மதிப்பெண்ணாவது பிழைச் செய்தியை விளக்குவதற்குத் தர வேண்டும். தமிழில் விளக்கினாலும் ஏற்றுக்கொள்ள வேண்டும். பல்கலைக்கழகத் தேர்வு விதிகளை நாம் மாற்ற முடியாது. அகமதிப்பீடு துறையின் கையில் இருக்கிறது.

இதற்கு மறுப்புகள் வரும் என்பதை அறிவேன். பாடத்திட்டத்தை முடிக்கவே நேரம் போதவில்லை என்று ஆசிரியர்கள் சொல்லலாம். உண்மைதான். ஆனால் ஒவ்வொரு வகுப்பிலும், ஒரே பிழைக்காக ஒரே பதிலை இருபது மேசைகளில் இருபது முறை சொல்லிக்கொண்டு அவர்கள் நடப்பதை நான் பார்க்கிறேன். அந்த நேரத்தைக் கணக்கில் சேர்த்தால் ஒரு வகுப்பு பெரிதன்று.

இந்தக் காலத்தில் கைப்பேசியில் செயற்கை நுண்ணறிவுச் செயலியிடம் கேட்டால் நொடியில் விடை சொல்கிறதே, நாம் எதற்குப் படிக்க வேண்டும் என்று நண்பர்கள் கேட்கலாம். நானும் கேட்டுப் பார்த்திருக்கிறேன். நல்ல விடையும் கிடைத்திருக்கிறது. ஆனால் கடைசி வரியை மட்டும் தட்டிக் கேட்டபோது பத்துக் காரணங்களை வரிசையாகச் சொன்னது. மேல் வரியையும் சேர்த்துக் கேட்டபோதுதான் ஒரே காரணத்தைச் சொன்னது. கேட்கத் தெரிந்தவருக்குத்தான் அதுவும் உதவுகிறது. கேட்கத் தெரிய வேண்டுமானால் படிக்கத் தெரிய வேண்டும். தவிரவும், தேர்வுக் கூடத்துக்குக் கைப்பேசி வராது.

மூன்றாவது மறுப்பு யாரும் வாய்விட்டுச் சொல்லாதது. 'படிக்கிற பிள்ளைகள் தாமே கண்டுபிடித்துக்கொள்ளும்' என்பது அது. இதைத்தான் நான் முழுமூச்சாக மறுக்கிறேன். வீட்டில் அண்ணனோ அக்காவோ இந்தத் துறையில் இருந்தால், '-எல்எம் போட்டாயா?' என்ற கேள்வி சாப்பாட்டு நேரத்தில் போகிற போக்கில் காதில் விழுந்துவிடும். எங்கள் வீட்டில் அந்தக் கேள்வி விழ வழியில்லை. என் அப்பாவுக்குத் தறியில் தெரியாத பிழை கிடையாது. கம்ப்யூட்டர் பிழையைப் பற்றி அவரிடம் எப்படிக் கேட்பது? என்னைப் போன்றவர்களுக்கு எல்லாக் கேள்விகளும் கல்லூரியில்தான் காதில் விழ வேண்டும். நம் கல்லூரியில் என்னைப் போன்றவர்கள்தாம் அதிகம்.

என் தோழியைப் பற்றிச் சொல்ல வேண்டும். நான் அந்தத் தேர்வில் எப்படியோ தேறிவிட்டேன். அவள் தேறவில்லை. முடிவு வந்த அன்று, "நமக்கு இதெல்லாம் வராதுடி" என்றாள். நான் '-எல்எம்' பற்றிச் சொன்னேன். அவள் காதில் ஏறவில்லை. நாற்பது நிமிடம் திரை தன்னைப் பார்த்து 'நீ தவறு, நீ தவறு' என்று சொன்னதாகவே அவளுக்குப் பதிந்துவிட்டது. மூன்றாம் பருவத்தில் வருகை குறைந்தது. பிறகு வரவே இல்லை. இப்போது கடைத்தெருவில் ஒரு ஜவுளிக்கடையில் நிற்கிறாள். உழைத்துச் சம்பாதிப்பதில் இழிவு ஒன்றும் இல்லை. ஆனால் அவள் எழுதிய கூட்டு வட்டிப் புரோகிராமில் ஒரு தவறும் இருந்ததில்லை. அதை அவளிடம் யாராவது தேர்வுக்கு முன்பே சொல்லியிருக்க வேண்டும். திரையில் அந்த வரி அதைத்தான் சொன்னது. உன் எழுத்து சரி, பக்கத்தில் இருக்க வேண்டிய ஒன்றைச் சேர்க்க மறந்துவிட்டாய் என்பதுதான் அதன் பொருள்.

பிழைச் செய்தி தீர்ப்பு அன்று, நண்பர்களே! பிணைக்கும்போது இழை கிடைக்காமல் என் அம்மா நிமிர்ந்து பார்த்தால், யாரையும் திட்டுவதற்காகப் பார்ப்பதில்லை. இழையைத் தேடுவதற்காகப் பார்க்கிறார். கிடைத்ததும் முறுக்கிவிட்டு அடுத்த இழைக்குப் போகிறார்.

துறைத்தலைவரின் அனுமதியோடு, ஆய்வுக்கூடக் கதவுக்குப் பக்கத்தில் ஓர் அட்டை மாட்டியிருக்கிறேன். நான் சந்தித்த பதினொரு பிழைச் செய்திகளையும் அவற்றின் பொருளையும் தமிழில் எழுதியிருக்கிறேன். கீழ்ப்பாதியைக் காலியாக விட்டிருக்கிறேன். உங்களுக்கு ஒரு பிழை வந்து, நீங்கள் அதைப் படித்துத் தீர்த்தால், பன்னிரண்டாவதாக அதை அங்கே எழுதுங்கள். என் தோழிக்கும் சொல்லி அனுப்பியிருக்கிறேன். தேர்வை மறுபடி எழுத அவளுக்கு இன்னும் வாய்ப்பு இருக்கிறது.